ரீல் விகிதம்தான் காரணமா? பாஸ் தூண்டிலில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

அமெரிக்காவின் டெக்சாஸ் ஏரிகளில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகும் நம்மவர்கள் ரீலைக் கொண்டுவந்து நீட்டிச் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "தப்பான கியர் விகிதத்துல வாங்கிட்டேன் போல, மாத்திடவா?" பல நேரம் மாற்றவே வேண்டியிருக்காது. ஸ்பூலில் (லைன் சுற்றும் உருளையில்) லைன் (தூண்டில் நரம்பு) குறைந்திருக்கும், லூர் (செயற்கை இரை) சாய்ந்து ஓடும், இல்லையென்றால் ராடைப் (தூண்டில் கம்பைப்) பிடிக்கும் விதம் சரியிருக்காது. சிலருக்கு மட்டும் உண்மையிலேயே விகிதம்தான் சிக்கல். உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், ரீல் வாங்கும் யோசனை கடைசியில். எல்லாமே பேட்காஸ்டர் ரீலை (ராடின் மேல் உட்கார்ந்து, வீசும்போது ஸ்பூலே சுழலும் வகையை) வைத்துச் சொன்னவை.

## எதற்கும் முன்னால் ஓர் அளவு

ரீலின் மேல் 6.2:1, 7.4:1 என்று போட்டிருப்பது, கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றும் என்பதை மட்டும்தான் சொல்லும். லூர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது அதில் இல்லை. நமக்குத் தேவை, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் லைன் உள்ளே வருகிறது என்ற கணக்கு.

வீட்டிலேயே அளக்கலாம். லைனைக் கொஞ்சம் நீளமாக வெளியே இழுத்துப் போடுங்கள். ராட் முனையில் லைன் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கைப்பிடியை ஐந்து முழுச் சுற்று சுற்றுங்கள். இப்போது முனையில் இருக்கும் இடத்தில் இன்னொரு கோடு. லைனைத் திரும்ப இழுத்து இரண்டு கோடுகளுக்கும் நடுவே அளந்து ஐந்தால் வகுத்தால் உங்கள் ரீலின் உண்மையான வேகம் கிடைத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஷிமானோ குராடோ 200 வகையின் கணக்கு உதவும்: 6.2 விகிதத்துக்கு 26 அங்குலம், 7.4க்கு 31, 8.5க்கு 36. இந்த அளவு ஸ்பூலில் 5.4 விகிதம் என்றால் 22, 23 அங்குலம் வரும். ஆனால் இதெல்லாம் ஸ்பூல் நிறைந்திருக்கும்போது. 34 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலில் லைன் 3 மி.மீ. ஆழம் இறங்கிவிட்டால், 7.4 ரீல் ஒரு சுற்றுக்கு 25, 26 அங்குலம்தான் இழுக்கும். அதாவது வேகமான ரீல் என்று காசு கொடுத்து வாங்கியது, நிறைந்த 6.2 ரீலாக வேலை செய்துகொண்டிருக்கும். நீளமாக வீசும்போதும் இதுவே நடக்கிறது. லூர் தொலைவில் கிடக்கும்போது ஸ்பூலில் லைன் குறைவு, அதனால் முதல் சில சுற்றுகள் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே "ரீல் மெதுவா இருக்கு" என்ற எந்தக் குறைக்கும் முதல் மருந்து லைன் ஏற்றுவதுதான். விளிம்பிலிருந்து 2 மி.மீ. விட்டு நிரப்புங்கள். விலை கூடிய லைனை அடிவரை போட வேண்டாம். அடியில் பழைய மோனோவை (சாதாரண நைலான் லைனை) நிரப்பி, மேலே நல்ல லைனைக் கட்டினால் போதும்.

## டீப் கிராங்க்பெய்ட் இழுத்தால் கை விட்டுப்போகிறது

கோடையில் கென்டக்கி ஏரியின் ஆழ விளிம்புகளிலோ ஃபோர்க் ஏரியின் முனைகளிலோ காலையிலிருந்து மதியம்வரை 20 அடி இறங்கும் டீப் கிராங்க்பெய்ட்டை (முன்னால் உதடு போன்ற தகடு வைத்த மீன் வடிவ லூரை) இழுத்தவர்களுக்கு இந்த வலி தெரியும். மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வரை ஏறும்.

முதலில் லூரைக் கழற்றிவிட்டு வெறும் லைனைச் சுற்றிப் பாருங்கள்.

வெறுமனே சுற்றினாலும் கனமாக இருக்கிறது: இது விகிதம் அல்ல. கீழே "ரீலே கனமாகச் சுற்றுகிறது" என்ற தலைப்புக்குப் போய்விடுங்கள்.

லூர் போட்டால் மட்டும் கனம்: பின்வரும் வரிசையில் பாருங்கள்.

லூரில் பாசி மாட்டியிருக்கிறதா என்பது முதல் கேள்வி. கிராங்க்பெய்ட் ஓடும்போது ராட் முனை சீராகத் துடிக்க வேண்டும். துடிப்பு நின்று வெறும் கனம் மட்டும் இருந்தால் செடி மாட்டியிருக்கிறது. இழுத்து எடுத்துத் துடைத்துவிட்டு வீசுங்கள்.

அடுத்தது வேகம். ஆழம் போகட்டும் என்று பலரும் வெறித்தனமாகச் சுற்றுகிறார்கள். தண்ணீரைக் கிழித்து இறங்குவது லூரின் உதடுதான். ஓர் அளவுக்கு மேல் வேகம் கூட்டினால் கனம்தான் ஏறும், ஆழம் ஏறாது. பாதி வேகத்தில் சுற்றிப் பாருங்கள். லூர் அதே ஆழத்தில் தரையை இடித்துக்கொண்டு வந்தால் அந்த வேகமே போதும்.

பிறகு கைப்பிடி. ரீலோடு வரும் கைப்பிடி பெரும்பாலும் 90 மி.மீ. அளவில் இருக்கும். 100 மி.மீ.க்கு மேல் நீளமுள்ள கைப்பிடி போட்டால் அதே ரீல் சட்டென்று இளகும். ரீல் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சின்னது. அச்சு அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் வலிக்கிறதென்றால், நீங்கள் 7க்கு மேற்பட்ட ரீலில் டீப் கிராங்க் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், சரி, விகிதம்தான் காரணம். 5.1 முதல் 5.5 வரை உள்ள ரீல் வாங்குங்கள். "வேகமான ரீலை மெதுவாகச் சுற்றினால் ஆச்சு" என்பார்கள். லூரின் வேகத்துக்கு அது சரி, கைக்குச் சரியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் 31 அங்குலம் லைனை இழுக்கும் ரீலுக்கு 22 அங்குலம் இழுக்கும் ரீலைவிட அதிக பலம் கொடுக்கத்தான் வேண்டும், எவ்வளவு மெதுவாகச் சுற்றினாலும். ஸ்ட்ரைக் கிங் 10எக்ஸ்டி போல 25 அடி போகும் பெரிய லூர்களுக்கு மெதுவான ரீல் ஆடம்பரம் இல்லை, தேவை. இழுவை அதிகமுள்ள பெரிய ஸ்விம்பெய்ட்டுகளுக்கும் (நீந்தும் மீன் போன்ற லூர்கள்) ஐந்து கம்பி அலபாமா ரிக்குக்கும் (பல லூர்களைச் சேர்த்து இழுக்கும் கட்டு) இதே தீர்ப்புதான்.

இடையில் ஒரு விஷயம். 1970களில் அம்பாசடர் 5500சி ரீலை அதிவேக ரீல் என்று சொல்லி விற்றபோது அதன் விகிதம் 4.7:1. இன்று அந்த விகிதத்தில் பேட்காஸ்டர் தேடினால் கிடைப்பதே அபூர்வம். அந்தக் காலத்தில் டீப் கிராங்க் இழுத்தவர்களுக்கு இந்த முழங்கை வலி ஏன் குறைவாக இருந்தது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

## கிராங்க்பெய்ட் தரையைத் தொடுவதில்லை

இதில் ரீலுக்குப் பங்கு மிகக் குறைவு. சோதிக்கும் வரிசை இது:

லூரைப் படகோரம் சில அடி இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் அது ஒருநாளும் முழு ஆழம் போகாது. லூரின் முகம் உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் லைன் கட்டும் கண்ணியை இடுக்கியால் மயிரிழை அளவு வளையுங்கள். ஓட்டிப் பார்த்து மறுபடி வளையுங்கள். ஒரேயடியாக வளைத்தால் கண்ணி தளர்ந்துவிடும்.

லைன் தடிமன் அடுத்தது. 17 பவுண்டு பலமுள்ள லைனை 12 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோகார்பனுக்கு (நீரில் மூழ்கும் வகை லைன்) மாற்றினால் ஆழம் கண்கூடாகக் கூடும்.

வீச்சு நீளம். ராபாலா டிடி வரிசையில் பெயரோடு வரும் எண் எத்தனை அடி இறங்கும் என்பதைக் குறிக்கும். ஆனால் அந்த ஆழம் நீளமான வீச்சுக்குத்தான். குட்டையாக வீசினால் லூர் ஆழத்தைத் தொடும் முன்பே படகு வந்துவிடும். ராட் முனையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்தாலும் சில அடி கிடைக்கும்.

இத்தனைக்கும் அசையவில்லையென்றால் அந்த இடத்துக்கு அந்த லூர் போதாது. அடுத்த அளவு லூரைக் கட்டுங்கள். ரீல் பக்கம் போகவே வேண்டாம்.

## ஸ்பின்னர்பெய்ட் மேலே ஏறி வருகிறது

ஸ்பின்னர்பெய்ட் என்பது கம்பியில் சுழலும் தகடு வைத்த லூர். அடியோடு மெதுவாக உருட்ட நினைக்கிறீர்கள், லூரோ பாதித் தண்ணீரில் வருகிறது. ரீல் வேகம் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அல்ல. வட்டமான கொலராடோ தகடு லூரைத் தூக்கும். வில்லோ இலை வடிவத் தகடு அவ்வளவாகத் தூக்காது. எடையை 3/8 அவுன்சிலிருந்து 1/2 அல்லது 3/4 அவுன்சுக்கு ஏற்றுவது அடுத்த படி. அப்படியும் ஏறினால் 31 அங்குல ரீலை வைத்துவிட்டு 26 அங்குல ரீலை எடுங்கள். கொத்து தெரிந்ததும் பரபரப்பில் கை தானாக வேகமெடுக்கும். மெதுவான ரீல் அந்தக் கையைக் கட்டுப்படுத்தும். ஸ்பின்னர்பெய்ட்டுக்குப் பொதுவாக 6க்கு மேல் 7க்குள் இருப்பது எனக்குப் பிடித்த இடம்.

## பஸ்பெய்ட் மிதக்காமல் முங்குகிறது

பஸ்பெய்ட் நீர்ப்பரப்பில் சலசலத்து ஓட வேண்டிய லூர். அது தண்ணீரைத் தொடும் முன்பே ஸ்பூலை நிறுத்தி, தொட்டவுடன் ராட் முனையைத் தூக்கிச் சுற்றுங்கள். தொட்ட பிறகு யோசித்தால் அது மூழ்கித்தான் கிளம்பும். ஸ்பூல் நிறைந்திருக்கிறதா பாருங்கள். முன்பே சொன்ன மாதிரி, தொலைவில்தான் ரீல் மிக மெதுவாக இழுக்கும், பஸ்பெய்ட்டுக்கோ அங்கேதான் வேகம் வேண்டும். தகடு சுலபமாகச் சுழல்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் சரி என்றால் 7க்கு மேற்பட்ட விகிதம். 5.4 ரீலில் பஸ்பெய்ட் போடுவது வீண் உழைப்பு.

## ஜிக், டெக்சாஸ் ரிக்: கொத்து தெரிகிறது, முள் ஏறுவதில்லை

வேகமான ரீல் தன் விலையைச் சம்பாதிப்பது இங்கேதான். ஜிக் (எடைத் தலையுள்ள முள்), டெக்சாஸ் ரிக் (ரப்பர் புழுவுக்குள் முள்ளை மறைத்த கட்டு) இரண்டிலும் லூரை ஓட்டுவது ராட். தொய்வைச் சுருட்டுவது மட்டுமே ரீலின் வேலை.

மீன் ஜிக்கை வாயில் வைத்துக்கொண்டு படகை நோக்கி நீந்திவரும். உங்களுக்குத் தெரிவது "டக்" என்ற தட்டல் கூட அல்ல, இருந்த கனம் காணாமல் போவது. அந்த நொடியில் பத்தடி லைன் தொய்வாகக் கிடக்கும். 22 அங்குல ரீலில் அதை எடுக்க ஐந்தரைச் சுற்று ஆகும், 36 அங்குல ரீலில் மூன்றரைச் சுற்றுக்குள் முடிந்துவிடும். அதற்குள் பாஸ் துப்பிவிடுமா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஆனாலும் ரீல் வாங்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்:

முள் கூர்மை. கட்டைவிரல் நகத்தில் லேசாக வைத்து இழுங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். கல்லிலும் கட்டையிலும் உரசிவரும் ஜிக்கில் இது சீக்கிரம் நடக்கும்.

லைன். மோனோ நீளும். நீளமான வீச்சில் நீங்கள் சுண்டும் பலத்தில் ஒரு பகுதி அந்த நீட்சியிலேயே கரைந்துவிடும். பிரெய்ட் (பின்னிய, அதிகம் நீளாத லைன்) போட்டுப் பாருங்கள்.

காற்று. பக்கக் காற்றில் லைன் வில்லாக வளைந்து கிடந்தால் எந்த ரீலாலும் கொத்தை உடனே காட்ட முடியாது. வீசியதும் ராட் முனையைத் தண்ணீருக்கு அருகே இறக்கி வளைவை நேராக்குங்கள்.

சுண்டும் முறை. தொய்வோடு சுண்டுகிறீர்களா? முனையை மீன் பக்கம் இறக்கி, தொய்வைச் சுருட்டி, அதன் பிறகு சுண்ட வேண்டும்.

டிராக் (மீன் பலமாக இழுத்தால் ஸ்பூலைச் சறுக்கவிடும் பிடிப்பு). கையால் லைனைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். ஸ்பூல் சறுக்கினால் சுண்டும்போதும் சறுக்கத்தான் செய்யும்.

எல்லாம் தேறிவிட்டால் 7.1 முதல் 8.5 வரை எடுத்துக்கொள்ளலாம். 8.5க்கு மேலும் ரீல்கள் உண்டு. அபு கார்சியா ரெவோ ராக்கெட் 10.1:1 வரை போகிறது, ஒரு சுற்றுக்கு 41 அங்குலம். தொய்வை எடுக்க அருமையான ரீல். ஆனால் அதையே வைத்துக் கிராங்க்பெய்ட்டும் இழுக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் குறிப்பின் முதல் அறிகுறிக்கே திரும்பி வருவார்கள்.

## முள் ஏறியது, ஆனால் மீன் செடிக்குள் புதைந்துவிடுகிறது

கன்டர்ஸ்வில் போன்ற ஏரியில் பாசி மெத்தையின் மேல் ரப்பர் தவளை போடுபவர்களின் குறை. இதில் ரீல் வேகம் உதவும்: முதல் சில நொடிகளில் மீனின் தலையை மேலே திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. 7.3 முதல் 8.1 வரை வசதியாக இருக்கும்.

அதற்கு முன், லைன் 50 அல்லது 65 பவுண்டு பிரெய்டா, ராட் விறைப்பானதா, டிராக் முழுவதும் பூட்டியிருக்கிறதா? இந்த மூன்றில் ஒன்று தளர்ந்தாலும் 8.1 ரீல் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு கிளை அறிகுறி: மீனோடு ஐந்து கிலோ பாசியும் சேர்ந்து வருகிறது, கைப்பிடி நின்றுவிடுகிறது. வேகமான ரீலின் பலவீனம் இதுதான், கோளாறு அல்ல. கைப்பிடியோடு மல்லுக்கட்டாதீர்கள், பல்சக்கரத்தின் பல் போய்விடும். ராடால் தூக்குங்கள், முனையை இறக்கிக்கொண்டே சுருட்டுங்கள், மறுபடி தூக்குங்கள். அப்படியும் அசையாவிட்டால் படகை மீனிடம் கொண்டுபோங்கள்.

## லிப்லெஸ் கிராங்க் செடியில் மாட்டிக்கொண்டே இருக்கிறது

குளிர்காலக் கடைசியில் சாம் ரேபர்ன் ஏரியின் ஹைட்ரில்லா நீர்ச்செடிக்கு மேல் சிவப்பு லிப்லெஸ் (உதடு இல்லாத கிராங்க்பெய்ட்) இழுப்பது டெக்சாஸில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. செடியின் நுனியை லூர் தொட வேண்டும், ஆனால் புதையக் கூடாது. மாட்டியதும் ராடால் வெடுக்கென்று பிடுங்க வேண்டும், கொத்து பெரும்பாலும் அந்தப் பிடுங்கலில்தான் வரும்.

பிடுங்கிய பிறகு கிடக்கும் தொய்வைச் சட்டென்று எடுக்காவிட்டால் லூர் திரும்பச் செடிக்குள்ளேயே இறங்கும். முதலில் எடையைக் குறைத்துப் பாருங்கள், 3/4க்குப் பதில் 1/2 அவுன்ஸ். பிறகு ராட் முனையை உயர்த்திப் பிடியுங்கள். அப்புறம்தான் 7க்கு மேற்பட்ட ரீல்.

## குளிர்ந்த நீரில் மீன் ஜெர்க்பெய்ட்டைப் பின்தொடர்கிறது, கொத்துவதில்லை

இங்கே கோளாறு நேர்மாறானது: ரீல் அளவுக்கு மேல் வேகம். ஜெர்க்பெய்ட்டை (சுண்டிச் சுண்டி ஓட்டும் மீன் வடிவ லூரை) சுண்டி நிறுத்திய பிறகு அது அதே இடத்தில் அந்தரத்தில் தொங்க வேண்டும். 8.1 ரீலில் தொய்வை எடுக்கும்போது ஒரு கால் சுற்று அதிகமானாலும் லூர் முன்னால் நகர்ந்துவிடும். கைப்பிடியைப் பாதிப் பாதிச் சுற்றாகச் சுற்றிப் பாருங்கள், நிறுத்தும் நேரத்தையும் நீட்டுங்கள். கை கேட்கவில்லையென்றால் 6.3 பக்கம் போங்கள்.

## ட்ரெபிள் (மூன்று கொக்கி) முள்ளில் மாட்டிய மீன் பாதியில் கழன்றுவிடுகிறது

ரீலை விட்டுவிடுங்கள். டிராக் இறுக்கம், துருப்பிடித்த முள், ஜிக்குக்கான விறைப்பு ராடைக் கிராங்க்பெய்ட்டுக்குப் பயன்படுத்துவது: காரணம் இந்த மூன்றுக்குள்தான் இருக்கும். நடுவரை வளையும் இளகிய ராடுக்கு மாறினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

## ரீலே கனமாகச் சுற்றுகிறது, கரகரக்கிறது

ஸ்பூலை இறுக்கும் பக்கவாட்டுக் குமிழைக் கொஞ்சம் தளர்த்துங்கள். பலர் சிக்கல் விழாமலிருக்க இதை முறுக்கி வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். ஸ்பூலைக் கழற்றி, பின்னால் லைன் சுற்றிக்கொண்டிருக்கிறதா பாருங்கள். மெல்லிய பிரெய்ட் அச்சில் நுழைந்துகொள்ளும்.

லைனை இடவலமாக ஓட்டும் வழிகாட்டியின் திருகில் மணலும் பஞ்சும் சேர்ந்திருக்கும். பஞ்சுக்குச்சியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஸ்பூல் பேரிங்கை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய். பல்சக்கரத்துக்கு எண்ணெய் அல்ல, கிரீஸ். டிராக் வாஷரில் எண்ணெய் படவே கூடாது.

இதற்கு மேலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் "கடக்" என்று தட்டினால் பல் தேய்ந்திருக்கிறது. நிறுத்திக்கொள்ளுங்கள்.

## கைப்பிடி பின்னால் நழுவுகிறது, அல்லது சுற்றினாலும் ஸ்பூல் நகர்வதில்லை

ஸ்பூல் நகரவில்லையென்றால் முதலில் நட்சத்திர டிராக்கை முறுக்கிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நிறையப் பேருக்கு அதுதான் காரணம். பிரெய்டை நேரடியாக வழுவழுப்பான ஸ்பூலில் கட்டியிருந்தால் லைன் கட்டு முழுவதும் ஸ்பூல் மேலேயே சறுக்கும், ஸ்பூல் சுற்றும் ஆனால் லைன் வராது. அடியில் சில சுற்று மோனோ போட்டால் தீர்ந்தது.

கைப்பிடி பின்னால் நழுவினால், ஒருவழி பேரிங்குக்குள் கிரீஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம், குறிப்பாக அண்மையில் நீங்களே திறந்து கிரீஸ் வைத்திருந்தால். துடைத்து உலர்த்திப் பாருங்கள்.

## எப்போது பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பது

பளு ஏறும்போது பல் தாண்டுவது, சுத்தம் செய்த பிறகும் கைப்பிடி நழுவுவது, கீழே விழுந்து அச்சு வளைந்தது, உப்பு நீரில் முங்கி உள்ளே துருப்பிடித்தது: இந்த நான்கையும் வீட்டு மேசையில் சரிசெய்யப் பார்க்க வேண்டாம். பக்கத் தகட்டைத் திறந்ததும் தெறித்துப் போகும் குட்டி ஸ்பிரிங்குகளைத் தரைவிரிப்பில் தேடுவது தனி வேலை. உத்தரவாதக் காலம் இன்னும் இருந்தால் திறக்காமலே அனுப்புங்கள்.

"அதே ரீலில் கியரை மட்டும் மாற்றி 7.4ஐ 6.2 ஆக்கலாமா?" என்றும் கேட்கிறார்கள். சில மாடல்களில் முடியும். பெரிய பல்சக்கரத்தையும் சின்னதையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் அரைக்கும். உதிரிப்பாகமும் கூலியும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு, அதே வகையில் வேறு விகிதமுள்ள பழைய ரீல் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்றும் விசாரியுங்கள். அநேகமாகப் பழைய ரீல்தான் லாபம்.

கொடுக்கும்போது லைனை உருவிவிட்டுக் கொடுங்கள். பெட்டியில் வந்த பாகப் படத்தையும், எந்த லூரில், எவ்வளவு பளுவில், சுற்றின் எந்த இடத்தில் கோளாறு தெரிகிறது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் கூடவே வையுங்கள். வெறுமனே "சரியில்ல" என்று நீட்டினால் அவர் கழுவி எண்ணெய் போட்டுத் திருப்பித் தருவதற்குத்தான் காசு வாங்குவார்.